காதுக்குப் பின்னால் ஒரு தகடு

சங்குமுனையில் தகடு வைத்துக்கொண்ட ஒரே ஆள் அமலோற்பவம்தான். வலது காதுக்குப் பின்னால், எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியில் இருந்தது. கொண்டை போட்டால் மட்டும் லேசான மேடு தெரியும். அந்த ஊரில் தகடு என்றால் வேறு அர்த்தம். செய்வினைக்காரன் வாசல்படிக்கு அடியில் புதைத்துவிட்டுப் போவது. அதனால் முதல் மாதம் முழுக்க, "அமலிக்கு வெள்ளக்காரன் தகடு வச்சிட்டான்" என்றுதான் தெருவில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வைத்தது வெள்ளைக்காரன் மட்டும் அல்ல. பணக்கார நாடுகள் சிலவும் ஏழை நாடுகள் பலவும் சேர்ந்து போட்ட திட்டம் அது. பெயர் 'கரை'. ஏழை நாடுகளில் உடம்புக்கு வைத்தியம் பார்க்கவே ஆள் இல்லை, மனசுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு மாவட்டத்துக்கு ஒரு மனநல டாக்டர் இருந்தால் அதுவே அதிர்ஷ்டம். புது டாக்டர்களை உருவாக்கப் பல வருடம் ஆகும். அதனால் உள்ளூர் ஆட்களையே பழக்கி, ஊருக்கு ஒருவரைக் 'கேட்பவர்' ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கேட்பவர் மருந்து தர மாட்டார். உட்கார்ந்து கேட்பார். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று கையில் இருக்கும் டேப்லெட் சொல்லும். நிலைமை மோசமாக இருப்பவர்களை மட்டும் திரையில் வரும் தூரத்து டாக்டரிடம் அனுப்புவார். நல்ல திட்டம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் கேட்பவர்கள் தாங்கவில்லை. மலாவியில் ஒருத்தி தூக்கம் போய் வேலையை விட்டாள். நேபாளத்தில் ஒருவர் நோயாளிகளின் வரிசையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். சங்குமுனையில் அமலிக்கு முன்னால் இருந்தவர், கோயம்புத்தூரில் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், போனவர்தான். பெரிய புயல் வந்து இரண்டு தெருவைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு அந்த ஊரில் கதை இல்லாத வீடே கிடையாது. கடலுக்குப் போன ஆண்களில் பாதிப் பேருடைய உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அத்தனையையும் ஒரே ஆள் நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மீன் ஆய்ந்து குழம்பு வைக்க முடியுமா?

அமலியும் ஆரம்பத்தில் அழுதாள். வருகிறவளோடு சேர்ந்து அழுவாள். அவள் போனதும் அடுத்தவளோடு அழுவாள். சாயங்காலம் புருஷன் சூசை வந்து பார்த்தால் அடுப்புப் பற்றியிருக்காது. அந்தச் சமயத்தில்தான் மதுரையில் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். திட்டத்தின் தமிழ்நாட்டுப் பொறுப்பில் இருந்த டாக்டர் மாதங்கி தகட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அடுத்தவங்க அழும்போது நமக்கும் தொண்டை அடைக்குதில்ல? அது மூளையில நடக்குற ஒரு வேலை. இந்தத் தகடு அந்த இடத்தைக் கொஞ்சம் அமத்திப் பிடிக்கும். நீங்க கேப்பீங்க, நல்லாப் புரிஞ்சுக்குவீங்க. ஆனா உங்க மேல ஒட்டாது."

"மழைக்கோட்டு மாதிரியா டாக்டர்?" என்றாள் அமலி.

"அதேதான். ஆனா வச்ச உடனே வேலை செய்யாது, பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் அழுகை வந்தா நீங்களே அடக்கிப் பழகுங்க. மூணு வருஷம் கழிச்சு எடுத்துடுவோம், பழையபடி ஆயிடுவீங்க."

அதோடு இன்னொன்றும் சொன்னார். இது ஆராய்ச்சி, அதனால் பாதிப் பேருக்கு உண்மையான தகடு, பாதிப் பேருக்கு வெறும் தகடு, யாருக்கு எது என்று கடைசி வரை டாக்டர்களுக்கே தெரியாது. கூடத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். வெறும் தகடு வேறு எவருக்கோ என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அமலி மலாவியில் இருக்கிற எவளையோ நினைத்துக்கொண்டாள், பாவம் என்று.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சூசை வலையைக் கீழே போட்டுவிட்டு அவள் காதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முந்தியே நான் சொல்லுதது ஒண்ணும் உனக்கு ஒட்டாது. இனி சுத்தமா ஒட்டாது, அப்பிடித்தான?"

"நீரு அழுதா மட்டும் கழத்தி வச்சிட்டுக் கேக்கேன், போரும்," என்றாள் அவள்.

தகடு பிடித்தது. முதல் சில வாரம் தொண்டை அடைக்கும், பல்லைக் கடித்துக்கொள்வாள், நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொள்வாள். பிறகு அடைப்பது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் தரையில் விழுந்து புரண்டாலும் அமலி நாற்காலியில் நேராக உட்கார்ந்து, "சொல்லுங்க" என்பாள். பங்குக் கோயில் கூடத்தை ஒட்டிய சின்ன அறைதான் மையம். ஒருநாள்கூட அவள் அதைப் பூட்டிப்போடவில்லை. சங்குமுனை மையத்துக்கு வருகிறவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், எல்லா நாட்டு மையங்களையும்விட இதுதான் முன்னால் நிற்கிறது என்று மாதங்கி போனில் சொன்னார். அமலிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நல்லது என்று மட்டும் தோன்றியது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கரையில் சாவுச் செய்தியை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. கடலுக்குப் போனவன் வராவிட்டால், விஷயம் தெரிந்த ஆள் தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் அவர் மூஞ்சியைப் பார்த்துவிடுவார்கள். அவர் வாசலுக்கு வந்து சேருவதற்குள் வீட்டுக்குள்ளே அலறல் கிளம்பிவிடும். போனில் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "எங்க, அவன் மூஞ்சியப் பாத்துக்கிடுதேன்" என்பார்கள். முகம் காய்ந்திருந்தால் உயிர் இருக்கிறது. அதுதான் கணக்கு, தலைமுறை தலைமுறையாக.

போன வருடம் தவக்காலத்தில் சூசை நடுக்கடலில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கரைக்குக் கொண்டுவந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் சொன்னார். அமலி கேட்டுக்கொண்டாள். சூசையின் அக்கா தெரசம்மா அந்தத் தாழ்வாரத்திலேயே மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து அவளை எழுப்பி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பியது அமலிதான். கூட வந்த ஆண்கள் பெட்டிக்கும் வண்டிக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். அவள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் சூசை கிடந்தார்.

அப்போதுதான் மகள் பெனிலா வந்தாள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற பெண். அப்பாவுக்கு நெஞ்சுவலி, உடனே வா என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். படிக்கட்டில் ஓடி வந்தவள் தூரத்திலிருந்தே அம்மாவின் முகத்தைத் தேடினாள். பார்த்தாள். கண் சிவக்கவில்லை, மூக்கு வீங்கவில்லை, தலைமுடி ஒரு இழை கலையவில்லை. அந்த இடத்திலேயே நின்று, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பெனிலா சிரித்தாள்.

"ஏம்மா எல்லாரும் இப்பிடிப் பயங்காட்டுதிய? பஸ்ஸுல வரும்போது நான் பாதி செத்துட்டேன்."

அவள் கையில் ஒரு பரோட்டாப் பொட்டலம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கஞ்சி சூசைக்கு இறங்காது என்று பஸ் நிலையத்தில் வாங்கியிருக்கிறாள்.

"பெனி, இங்ஙன உக்காரு," என்றாள் அமலி. கெட்ட செய்தியை உட்கார வைத்து, மெதுவாக, நேராகச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி.

"அப்பாவப் பாத்துட்டு வந்து உக்காருதேன். அங்ஙனயா இருக்காவ?"

சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள். "யப்போ, ஊரையே கதிகலங்க வச்சிட்டு இங்ஙன படுத்துத் தூங்குதியளா" என்று சிரிப்போடு கேட்கிற குரலும், திரையின் வளையங்கள் கம்பியில் இழுபடுகிற சத்தமும் வெளியே கேட்டன. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை எழுத வேண்டாம். அமலி அதைக் கேட்டாள், எழுந்து உள்ளே போனாள், மகளைத் தரையிலிருந்து தூக்கினாள். சிதறிக் கிடந்த பரோட்டாவை ஒரு ஆயா வந்து பெருக்கினாள்.

துக்க வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து, நெற்றியை நெற்றியில் முட்டிக்கொண்டு அழுதார்கள். தெரசம்மா அமலியை அந்த வட்டத்துக்குள் இழுத்துப் போட்டாள். "ஏட்டி அமலி, அழுதுரு. அழாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும் பாத்துக்கோ." அமலி முயற்சி செய்தாள். நாலு பேருடைய தலை எண்ணெய் வாசனைதான் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், வந்தவர்களுக்குக் கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள், பேசினவர்கள் பேசினார்கள். பெனிலா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் அவள் கேட்டாள்.

"அப்பா அங்ஙன பொணமாக் கிடக்கும்போது நான் சிரிச்சேன். நர்ஸுமாருக எல்லாம் பாத்தாவ. நான் சிரிச்சிக்கிட்டே போயி அப்பாவ எழுப்புனேன்மா."

அமலி பூசைக்குப் போட்ட முக்காட்டை மடித்து வைத்தாள்.

"உன் மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சேன். ஒரு பொட்டுக் கண்ணீர் இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பா உனக்கு அவ்வளவுதானாம்மா?"

"நான் என்ன செய்ய பெனி? தகடு அழ விடல."

பெனிலா அவளை வெகுநேரம் பார்த்தாள். அதை நம்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"அப்பம் அதக் கழத்து."

"திட்டம் முடியட்டும். இப்பம் கழத்துனா மையத்த மூடிருவாவ. வாரவ எல்லாம் எங்க போவா?"

"சரி. முடிஞ்ச பெறவு கழத்திட்டு வா. அழ முடிஞ்சா வா. அது வரைக்கும் நான் அத்தை வீட்டுலதான் இருப்பேன், இங்ஙன வரமாட்டேன்."

தெரசம்மா வீடு தூத்துக்குடியில். லீவு நாட்களில் பெனிலா அங்கே போனாள். போன் செய்தால் எடுப்பாள், சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். மகள் வேண்டும் என்பது அமலிக்கு ஏக்கமாக வரவில்லை. முடிக்க வேண்டிய ஒரு வேலையைப் போல வந்தது. ஆனால் அந்த ஒரு வேலையைத் தவிர உலகத்தில் வேறு எதற்காகவும் அவள் காத்திருக்கவில்லை. தகடு போய்விட்டால் அழுகை வரும். அழுகை வந்தால் பெனிலா வருவாள். இதை அவள் தினமும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

திட்டம் முடிந்தது. மாதங்கியும், நார்வேயிலிருந்து ஹெல்கா என்ற ஆராய்ச்சித் தலைவியும் சங்குமுனைக்கே வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அமலி மகளுக்குப் போன் செய்தாள். "கழத்துன உடனே வா. நான் அத்தை வீட்டுல இருக்கேன்," என்றாள் பெனிலா. வெகுநாளைக்குப் பிறகு அவள் குரல் இளகியிருந்தது.

ஹெல்கா கைகூப்பி வணக்கம் சொன்னார். உயரமான, வயதான பெண்மணி. பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால்கள் மேலே தூக்கி நிற்க உட்கார்ந்துகொண்டு, கடுங்காப்பியை மரியாதைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். ஓரத்து மேசையில் ஒரு நர்ஸ் கத்தியும் பஞ்சும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மாதங்கி மட்டும் அமலியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அமலிம்மா, ஆரம்பத்துல பயிற்சியில சொன்னேன், ஞாபகம் இருக்கா? பாதிப் பேருக்கு உண்மையானது, பாதிப் பேருக்கு வெறும் தகடு."

"ஞாபகம் இருக்கு."

"உங்களுக்கு வச்சது வெறும் தகடு."

அமலிக்கு உடனே புரியவில்லை. "வெறும் தகடுன்னா?"

"உள்ள ஒண்ணும் கிடையாது. ஒரு உலோகத் துண்டு, அவ்வளவுதான். எனக்கே போன வாரம்தான் சொன்னாங்க. சத்தியமா முன்னாடி தெரியாது."

"எப்பம் இருந்து?"

"முதல்ல இருந்தே அதுதான்."

வெளியே கோயில் மைக்கில் யாரோ டெஸ்டிங் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமலி அது முடியும் வரை காத்திருந்தாள்.

"அப்பம் நான் அழாம இருந்தது?"

"நீங்களாத்தான்," என்றார் மாதங்கி. "தகடு பிடிக்குற வரைக்கும் நீங்களே அடக்கிக்கோங்கன்னு சொன்னோம். நீங்க அடக்குனீங்க. ஒருநாள் தகடு பிடிச்சிடுச்சுன்னு நம்பிட்டீங்க. அதுக்கப்புறம் அடக்குறோம்னே தெரியாம அடக்கிட்டு இருந்திருக்கீங்க. மனசு பழகிடும். நீங்க மட்டும் இல்ல, வெறும் தகடு வச்ச எல்லாருக்கும் இப்படித்தான்."

ஹெல்கா ஆங்கிலத்தில் எதையோ மெதுவாகச் சொன்னார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன. மாதங்கி மொழிபெயர்த்தார். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. வெறும் தகடு வைத்தவர்களும் உண்மைத் தகடு வைத்தவர்களைப் போலவே தாக்குப்பிடித்துவிட்டார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. அடுத்த கட்டமாக இன்னும் நிறைய நாடுகளுக்குத் திட்டம் போகப் போகிறது. விலை கூடிய தகடு தேவையில்லை, வெறும் தகடே போதும் என்று முடிவாகிவிட்டது.

"வெறும் தகடுன்னு சொல்லித்தான் வைப்பியளா?" என்று கேட்டாள் அமலி.

மாதங்கி டம்ளரைச் சுழற்றினார். "அதைப் பத்திப் பேசிட்டு இருக்காங்க. சொன்னா வேலை செய்யாதுன்னு ஒரு தரப்பு சொல்லுது."

"சரி," என்றாள் அமலி. பிறகு, "எங்க மையந்தான் முதல்லன்னு சொன்னியளே, ஏன்னு இங்க வாரவகிட்டக் கேட்டியளா?"

"ஏன்?"

"பவுலின்னு ஒருத்தி. மாப்பிள்ளை புயல்ல போனவரு, இன்னும் வரல. வாரம் தவறாம வருவா. என் மூஞ்சியப் பாப்பா. வெளிநாட்டு டாக்டர்மாரோட பேசுதவ, விஷயம் தெரிஞ்சவ, இவ மூஞ்சி காஞ்சி இருக்குன்னா அவரு எங்கயோ உசுரோட இருக்காருன்னு அர்த்தம். அவளாவே அப்பிடி நெனச்சிக்கிட்டுப் போயிருவா. எப்பிடி இருக்கிய பவுலின்னு கேட்டா நல்லாத் தூங்குதேன்பா. நானும் நல்லாத் தூங்குதான்னு டேப்லெட்டுல போடுவேன். அவ ஒருத்தி இல்ல, மாப்பிள்ளை காணாமப் போனவ எல்லாரும் அப்பிடித்தான். இன்னும் தாலியோடதான் திரியுதாளுவ. சாயங்காலம் ஆனா கடலப் பாத்துக்கிட்டு நிக்குதாளுவ."

மாதங்கி இதை ஆங்கிலத்தில் சொல்ல நேரம் பிடித்தது. ஹெல்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஏதோ கேட்டார்.

"இதை எப்பக் கண்டுபிடிச்சீங்கன்னு கேக்குறாங்க."

"என் மக சிரிச்ச அன்னைக்கு."

நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"எடுத்துடலாமாம்மா? கொஞ்ச நேர வேலைதான். ரெண்டு தையல் போட்டுடுவாங்க," என்றார் மாதங்கி.

அமலி காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிடலாம். காதில் கட்டோடு தூத்துக்குடிக்குப் போகலாம். பெனிலா வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பாள். இந்த முகத்தைத்தான் பார்ப்பாள். ஏனென்றால் மாதங்கி சொல்லி முடித்த பிறகும், மூன்று வருடத்து அழுகை முழுவதும் தனக்கு உள்ளேதான் எங்கோ கிடக்கிறது என்று தெரிந்த பிறகும், அமலிக்குத் தொண்டைகூட அடைக்கவில்லை. சூசையை நினைத்துப் பார்த்தாள். காதைத் திருப்பிப் பார்த்துக் கேலி பேசிய சூசையை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தகடு இருக்கிறவரை பெனிலாவுக்கு ஒரு அம்மா உண்டு. அழத் தெரிந்தவள், அழ விடாமல் தடுக்கப்பட்டவள். தகட்டை எடுத்துவிட்டால் அந்த அம்மாவும் போய்விடுவாள். புருஷன் செத்துக் கிடக்கும்போது தானாகவே கல்லாக உட்கார்ந்திருந்த ஒருத்திதான் மிச்சம் இருப்பாள்.

"வேண்டாம் டாக்டர், கிடக்கட்டும்."

"அதுல ஒண்ணுமே இல்லைம்மா. வெறும் இரும்பு."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதோட இருக்கட்டும். யாரு கேட்டாலும் சொல்லாதிய."

மாதங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அமலிம்மா, உங்களுக்கும் யாராவது உக்காந்து கேக்கணும். நான் கேக்குறேன். வாரத்துக்கு ஒருநாள் போன்ல பேசலாம்."

"சொல்லுததுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லையே டாக்டர்," என்றாள் அமலி. அவள் பிகு செய்யவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அன்று மத்தியானமே பஸ் ஏறினாள். தெரசம்மாவின் வீடு உப்பளத்துக்குப் போகிற சாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. பெனிலா வாசலிலேயே நின்றிருந்தாள். முதலில் அம்மாவின் காதைப் பார்த்தாள், கட்டு இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"கழத்தலியா?"

"முடியாதாம்."

"ஏன் முடியாது?"

"எலும்போட ஒட்டிப்போச்சாம். எடுத்தா உசுருக்கு ஆபத்துன்னு சொல்லுதாவ."

பொய் தடங்கல் இல்லாமல் வந்தது. முகம் எதையும் காட்டாமல் இருக்க அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

"யாரு சொன்னா? ஸ்கேன் எடுத்தாவளா?" என்று நர்சிங் படிக்கிற பெண் கேட்டாள்.

"எடுத்தாவ. ரெண்டு டாக்டரும் பாத்தாவ."

பெனிலா கிட்டே வந்தாள். அம்மாவின் தலைமுடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் அந்த மேட்டை முதல் தடவையாகத் தொட்டாள். லேசாக அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்காம்மா?"

"இல்ல."

"அப்பம் இனி உனக்கு அழுகையே வராதா? சாகுத வரைக்கும்?"

"வராதாம்."

பெனிலாவின் வாய் கோணியது. ஆஸ்பத்திரியில் கேட்ட அதே பிள்ளையின் அழுகை, ஆனால் இதில் கோபம் இல்லை. அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தோளில் முகத்தை வைத்து, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். "நான் உன்ன என்னெல்லாம் சொல்லிட்டேன்," என்றாள். "அப்பாவ நெனச்சி நீ ஒரு நாளாவது அழுதிருக்கலாம், அதுக்கும் கூட விடலியே இந்தச் சனியன். பரவாயில்லம்மா. உனக்கும் சேத்து நான் அழுதுக்கிடுதேன். நீ சும்மா இரி."

அமலி சும்மா இருந்தாள். மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மூன்று வருடமாக எதுவும் வராத நெஞ்சில் அப்போது ஒன்று வந்தது. அது துக்கம் இல்லை, வெட்கம். காது மடலெல்லாம் சுட்டது. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மகளின் கை கழுத்தை இறுக்கியிருந்தது, சொல்லவில்லை.

பெனிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு விலகினாள். முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். தன்னுடையது இல்லை, அம்மாவுடையது.

"செத்த நில்லு. துணிமணிய எடுத்துக்கிட்டு அத்தைக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன். ராத்திரிச் சமையலுக்கு நம்ம வீட்டுக்குப் போயிரலாம்."

உள்ளே ஓடினாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. தெரசம்மா என்னவோ கேட்டாள். அதற்குப் பெனிலா உரக்கவே பதில் சொன்னாள், வாசலில் நிற்கிறவளுக்கும் கேட்கட்டும் என்று.

"எம்மா மேல ஒரு தப்பும் இல்ல அத்தை. எனக்கு இப்பந்தான் தெரியுது."

அமலோற்பவம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.